குண்டு மாமியும் ஈர்க்குச்சி மாமாவும்

போன இதழில் கொட்டாஞ்சேனை வாசகி ஒருவரின் கடிதத்தை மட்டும் போட்டு, “பதில் அடுத்த மாதம்” என்று எழுதியிருந்தேன். அது வெறும் சாட்டு. என்னுடைய தபாலட்டைப் பெட்டிகள் அலுமாரிக்கு மேலே இருந்தன. இறக்கித் தர மருமகன் வரும் ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்குள் நீங்கள் எழுதிக் குவித்துவிட்டீர்கள். ஆகவே இந்த மாதம் முழுப் பகுதியும் தபாலட்டைக்குத்தான். பல்லி விழுந்த பலன் கேட்டவர்களும், வாழைக்குலை நுனி கறுப்பது ஏன் என்று கேட்ட வத்தளை அன்பரும் பொறுத்தருளவும்.

முதலில் அந்தக் கடிதத்தை மறுபடி தருகிறேன்.

கேள்வி: காலமான என் பெரியப்பாவின் றங்குப் பெட்டியைத் துப்புரவாக்கும்போது 11 தபாலட்டைகள் கிடைத்தன. பெரியப்பா கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். வேலை, வீடு, கோயில் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர் என்றுதான் நினைத்திருந்தோம். அட்டைகள் எல்லாம் வர்ணச் சித்திரங்கள். ஒன்றில் கோடு போட்ட நீச்சலுடையில் ஒரு குண்டு வெள்ளைக்காரி. அவளுடைய நிழலில் ஈர்க்குச்சி மாதிரி ஒரு புருஷன் நித்திரை. இன்னொன்றில் மூக்குச் சிவந்த ஒருவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருக்கிறார். அம்மா பார்த்துவிட்டு “எரித்துப்போடு” என்கிறார். எல்லாவற்றிலும் பாம்ஃபோர்த், ஹோம்ஃபர்த் என்று அச்சடித்திருக்கிறது. ஒன்றின் பின்புறத்தில் மட்டும் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது. இவை என்ன? எரிக்கலாமா?
(வாசகி, கொட்டாஞ்சேனை)

பதில்: எரிக்க வேண்டாம், மகள். நான் சொன்னதாகவே அம்மாவிடம் சொல்லுங்கள். பெரியப்பாவைச் சந்தேகிக்கவும் வேண்டாம். துறைமுகத்தில் வேலை பார்த்தவர்களிடம் இப்படி அட்டைகள் வந்து சேர்வது பெரிய காரியமில்லை. கப்பல்காரர்கள் ஒரு சிகரெட் பெட்டி தருவார்கள், வாசித்து முடித்த சஞ்சிகை தருவார்கள், போகிற போக்கில் ஒரு அட்டையையும் நீட்டிவிட்டுப் போவார்கள். என் முதல் அட்டையும் அந்த வழியால் வந்ததுதான். அப்போது நான் கோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் கந்தோர் ஒன்றிலிருந்து விலைப்பட்டியல் அச்சடிக்கக் கொண்டுவந்தவர், தாள் மடங்காமலிருக்க உள்ளே வைத்திருந்த அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பாறை மாதிரி ஒரு மாமி. பின்னால் வாளியும் குடையும் தூக்கிக்கொண்டு அவருடைய புருஷன். எங்கள் போர்மன் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புரூஃப் தாளெல்லாம் தெறித்தது. கீழே இருந்த ஆங்கில வரி அவருக்கு விளங்கியிருக்காது. அது விளங்காமலே மனிதர் அப்படிச் சிரித்தார் என்பதால்தான் அந்த அட்டையை நான் எறியவில்லை.

சரி, பாம்ஃபோர்த் யார் என்று கேட்டீர்கள்.

கடற்கரை அட்டைக்கு இவ்வளவு பேர் வாங்கிய இந்தக் கம்பனியின் ஊரில் கடலே இல்லை என்பதுதான் முதல் வேடிக்கை. ஹோம்ஃபர்த் என்பது இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில், பென்னைன் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் சின்ன ஊர். கம்பளி ஆலை, கல் வீடு, மழை. ஹற்றனில் குளிருக்குப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்து, காலிமுகத்திடலில் விற்கப் பட்டம் கட்டி அனுப்புகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த மாதிரித்தான்.

ஜேம்ஸ் பாம்ஃபோர்த் 1842இல் பிறந்தவர். தகப்பன் வீடுகளுக்கு வர்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் செய்தவர். மகன் 1870இல் ஊரிலேயே புகைப்பட ஸ்ரூடியோ ஒன்றைத் தொடங்கினார். வந்தவர்களை உட்காரவைத்து முகத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு 1880களில் வேறொரு வழி திறந்தது. அதுதான் மந்திர விளக்குக்கான கண்ணாடிப் படங்கள்.

சினிமா வருவதற்கு முந்திய சினிமா அது. ஒரு பெட்டிக்குள் விளக்கு, முன்னால் வில்லை, இடையில் படம் பதித்த கண்ணாடித் துண்டு. சுவரில் தொங்கும் வெள்ளைத் துணியில் படம் பெரிதாக விழும். பக்கத்தில் ஒருவர் நின்று கதையை வாசிப்பார், அல்லது பாட்டைப் பாடுவார். தேவாலய மண்டபங்களிலும் மதுவிலக்குச் சங்கக் கூட்டங்களிலும் இதற்கு நல்ல கிராக்கி. பாம்ஃபோர்த்தின் வேலை அந்தக் கதைகளை நாடகம் மாதிரி நடிக்கவைத்துப் படம் பிடிப்பது. நடிகர்கள் ஊர்ச்சனம்தான். அக்கம்பக்கத்தவர், சொந்தக்காரர், ஆலையில் வேலை செய்பவர்கள். பின்னால் தொங்கும் திரைகளை அவரே வரைந்தார். தகப்பனுடைய தூரிகை அங்கே உதவியிருக்கும். நம் தாத்தாமார் செட்டியார் தெருப் பக்கத்து ஸ்ரூடியோக்களில், தூணும் மாடிப்படியும் வரைந்த சீலைக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே வகைச் சீலை. பாம்ஃபோர்த்தின் சீலைக்கு முன்னால் குடிகாரத் தகப்பன் மேசையில் கவிழ்ந்து கிடப்பார். மகள் கந்தல் சட்டையோடு அவருடைய கையைப் பிடித்து இழுப்பாள். மதுவிலக்குச் சங்கத்துத் தாய்மார் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

1890களின் கடைசியில், பிராட்ஃபோர்ட் நகர ரைலி சகோதரர்களோடு சேர்ந்து அசையும் படமும் எடுத்துப் பார்த்தார்கள். ரயில் பெட்டிக்குள் ஒரு சோடி, சுரங்கத்து இருட்டில் முத்தமிடுவது அவற்றில் ஒன்று. வருடம் 1899. கொஞ்சக் காலத்தில் அதை விட்டுவிட்டார்கள். 1910களில் மறுபடி பகிடிப் படங்கள் எடுத்துவிட்டு அதையும் விட்டார்கள். சினிமா அவர்களுக்கு ஒட்டவில்லை என்பதற்குமேல் எனக்கு அதில் சுவாரசியமில்லை. அட்டைக்கு வருவோம்.

20ஆம் நூற்றாண்டு தொடங்கியதும் இங்கிலாந்தில் படத் தபாலட்டை காய்ச்சல் மாதிரிப் பரவியது. அதற்கு ஒரு தபால் விதிதான் காரணம். பிரித்தானியாவில் 1870இலேயே தபாலட்டை வந்துவிட்டது. ஆனால் ஒரு பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும். தனியார் அச்சடித்த அட்டையை முத்திரை ஒட்டி அனுப்ப 1894இல்தான் அனுமதி கிடைத்தது. 1902இல் முகவரிப் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரித்து, இடது பாதியில் செய்தி எழுதலாம் என்றார்கள். அதுவரைக்கும் செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுதவேண்டும். கோடு விழுந்த பிறகு ஒரு பக்கம் முழுவதும் படத்துக்கே கிடைத்தது. அதுவும் அரைப் பென்னி முத்திரையில்.

பாம்ஃபோர்த்திடம் படத்துக்கா பஞ்சம்? அறை நிறையக் கண்ணாடிகள் இருந்தன. அழுகிற பெண், பிரிகிற வீரன், வானத்திலிருந்து இறங்கும் தேவதை. அவற்றை அப்படியே எடுத்து, கீழே ஒரு பாட்டின் அடிகளைப் போட்டு அட்டையாக்கினார்கள். பாட்டு அட்டை, கீர்த்தனை அட்டை என்று இரண்டு வகை. யாவாரத் தந்திரத்தைப் பாருங்கள்: ஒரு பாட்டை மூன்று அல்லது நான்கு அட்டைகளாகப் பிரித்தார்கள், அட்டைக்கு ஒரு சரணம். முதல் சரணத்தை அனுப்பியவர் மற்றதையும் வாங்காமல் விடுவாரா? முதல் உலகப் போரில் இவை அள்ளிக்கொண்டு போயின. கூடாரத்துக்கு முன்னால் வீரன் உட்கார்ந்திருப்பான். மேல் மூலையில் புகைக்குள் வீட்டுக்காரியின் முகம் தெரியும். என்னிடம் அப்படி நான்கு இருக்கின்றன. நேரே சொன்னால் அசட்டுத்தனமான படங்கள்தான். ஆனால் பின்பக்கத்தைத் திருப்பினால் பேச்சு வராது.

ஜேம்ஸ் 1911இல் காலமானார். கம்பனி மகன் எட்வின் கையில் வந்தது. உங்கள் 11 அட்டைகளின் வம்சம் இந்தக் காலத்தில்தான் ஆரம்பிக்கிறது. போருக்குச் சற்று முன்னர் டக்ளஸ் டெம்பெஸ்ட் என்ற ஓவியர் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் ஆர்னல்ட் டெய்லர். டெய்லர் இளைஞராகச் சேர்ந்து அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே வரைந்தார். குண்டு மாமி, ஈர்க்குச்சி மாமா, வெட்கப்படும் புதுச் சோடி, இடுப்பில் கைவைத்து நிற்கும் விடுதிக்காரி, அசட்டுப் பாதிரியார், பிறகு உங்கள் விளக்குக் கம்பத்து மனிதர்.

அந்த விளக்குக் கம்பத்து மனிதரைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது. அவர் புதியவரில்லை, மகள். 30 வருடத்துக்கு முன்னால் அதே கம்பனியின் கண்ணாடிப் படத்தில் மேசையில் கவிழ்ந்து கிடந்த குடிகாரத் தகப்பனேதான். மகள் கையைப் பிடித்து இழுத்தபோது சனம் அழுதது. அவளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கம்பத்தை நட்டார்கள். அதே சனம் சிரித்தது. மூக்கின் சிவப்பு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. அழுகைப் படம் செய்யும்போது பழகிய வித்தை, அதாவது பார்த்தவுடன் ஆள் யார் என்று தெரியவேண்டும், என்ன நடந்தது என்று தெரியவேண்டும், கீழே ஒரு வரி போதவேண்டும் என்கிற வித்தை, சிரிப்புக்கும் அப்படியே பொருந்திவிட்டது. எங்கள் போர்மன் ஆங்கிலம் தெரியாமல் சிரித்ததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

யார் வாங்கினார்கள் என்றால், ஆலைத் தொழிலாளர்கள். 1871இல் வந்த சட்டம் வங்கி விடுமுறை நாட்களைக் கொடுத்தது. லங்காஷயர், யோர்க்ஷயர் ஆலை ஊர்களில் வருடத்தில் ஒரு வாரம் ஆலையை மொத்தமாகப் பூட்டிவிடுவார்கள். ஊரே ரயில் ஏறி பிளாக்பூல் போன்ற கடற்கரைக்குப் போகும். அந்த வாரத்துக்குப் பெரும்பாலானவர்களுக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் வந்ததே 1938இல். வருடம் முழுக்கச் சீட்டுக் கட்டுவது மாதிரிச் சில்லறை சேர்த்து, ஒரு வாரத்தில் செலவழித்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவார்கள். விடுதிக்காரி காலைச் சாப்பாடு முடிந்ததும் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவாள், மழை பெய்தாலும்தான். கடற்கரையிலோ பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர், ஆலை மேற்பார்வையாளர் எல்லாரும் நீச்சலுடையில் நிற்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் குண்டு மாமி அட்டை விற்காமல் என்ன விற்கும்? தங்களையே பார்த்துச் சிரித்து, அதற்கு முத்திரையும் ஒட்டி ஊருக்கு அனுப்பினார்கள்.

கேள்வி: இந்தக் கேலி அட்டைகளை வரைந்தவர் டொனால்ட் மக்கில். ஆபாசத்துக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர். அவரைப் பற்றிக் குடும்ப இதழில் எழுதுவது அவசியமா?
(ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், வெள்ளவத்தை)

பதில்: வணக்கம் ஐயா. இரண்டு வீட்டு வாசலை ஒன்றாக்கிவிட்டீர்கள். மக்கில் பாம்ஃபோர்த்தின் ஆள் அல்லர். லண்டனில் பிறந்து, லண்டன் வெளியீட்டாளர்களுக்கு வரைந்தவர். ஆனால் நீங்கள் பேச்சை எடுத்தது நல்லதாயிற்று, அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

1875இல் பிறந்தவர். பள்ளிக்கூட விளையாட்டில் அடிபட்டு ஒரு பாதத்தை இழந்தார். கப்பல் வடிவமைக்கும் கந்தோரில் வரைபடக்காரராக வேலை பார்த்தார். ஆஸ்பத்திரியில் கிடந்த மருமகப் பையனைச் சிரிக்கவைக்க ஒரு அட்டை வரைந்து அனுப்பப்போக, அது வெளியீட்டாளர் கண்ணில் பட்டு, 1904இலிருந்து அதுவே தொழிலாகிவிட்டது. 1962இல் இறக்கும்வரை வரைந்தார். கிட்டத்தட்ட 12,000 சித்திரங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர், விற்பனையில் பங்கு வாங்கியவரில்லை. ஆகவே செத்தபோது விட்டுப்போன சொத்து சில நூறு பவுண்தான். அவர் வரைந்ததிலேயே அதிகம் விற்றதாகச் சொல்லப்படும் அட்டை ஒன்று. மரத்தடியில் ஓர் இளைஞன், கையில் புத்தகம். “உனக்குக் கிப்ளிங் பிடிக்குமா?” என்று கேட்கிறான். அவள் சொல்கிறாள்: “போ குறும்பா, எனக்கென்ன தெரியும், நான் ஒரு நாளும் கிப்பிளித்ததே இல்லை.” கவிஞர் பெயரை வினைச்சொல் என்று எண்ணிவிட்டாள் பாவம். தமிழில் பாதிச் சிரிப்புப் போய்விடுகிறது. உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொன்னேன்.

வழக்குக்கு வருகிறேன். 1954 ஜூலையில் லிங்கன் நகரில் அவர்மேல் வழக்கு நடந்தது. 1857ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின் கீழ். அப்போது அவருக்கு வயது 79. சில அட்டைகளில் இரட்டை அர்த்தம் இருப்பதே பிறகு மற்றவர்கள் எடுத்துச் சொன்னபோதுதான் தனக்குத் தெரிந்தது என்று தன் தரப்பில் சொன்னார். 12,000 படம் வரைந்த மனிதர் சொல்கிறார்! நீதிமன்றம் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. 50 பவுண் தண்டப்பணம், 25 பவுண் செலவு. அடி வாங்கியவர் அவர் மட்டுமில்லை. அட்டைகளைக் கட்டுக்கட்டாக அழிக்க வேண்டிவந்த சின்ன வெளியீட்டாளர்களும் கடைக்காரர்களும்தான் முறிந்துபோனார்கள். அந்தக் காலத்தில் ஒரு ஊரில் கடை வாசலில் தொங்கிய அட்டையை அடுத்த ஊரில் பொலிஸ் அள்ளிக்கொண்டு போகும். பிளாக்பூலில் கடைக்காரர்கள் விற்குமுன் பார்த்துச் சொல்ல ஒரு தணிக்கைக் குழுவே வைத்திருந்தார்கள். பெரிய மனிதர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து குண்டு மாமியைக் கையிலெடுத்து ஆராய்ந்த காட்சியை எந்த ஓவியரும் வரையாமல் விட்டது அநியாயம். 1957இல் அந்தச் சட்டத்தைத் திருத்தக் கூடிய நாடாளுமன்றக் குழுவுக்கு முன்னால் மக்கிலே போய்ச் சாட்சி சொன்னார். 1959இல் புதிய சட்டம் வந்தது.

குடும்ப இதழுக்குத் தேவையா என்று கேட்டீர்கள். 1941இல் ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் மக்கிலின் அட்டைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் பிடித்த இடம் இது: இந்தக் கேலிகளுக்கு அடித்தளமே கல்யாணம்தான். கல்யாணம் நிலையானது, முறித்துக்கொண்டு போக முடியாதது என்று எல்லாரும் நம்புகிற சமுதாயத்தில்தான் புருஷனை அடக்கும் மனைவி சிரிப்பாகிறாள். எனக்கு இது சரியென்றே படுகிறது. நம் நாடகக் கொட்டகையிலும் பபூன் வந்து மாமியார் மருமகள் கதையை அவிழ்த்துவிட்டால், முன்வரிசையில் விபூதி பூசிக்கொண்டிருந்த பெரியவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு ராஜா வந்து தர்மத்தைப் பேசினால் அதையும் அவர்களே கேட்பார்கள். எல்லா அட்டையும் நல்லது என்று நான் வாதாடவில்லை. சிலவற்றை நானே உறையில் போட்டு அடியில் வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் கை எட்டாமல். பெண்ணின் உடம்பைத் தவிர வேறு சிரிப்பே தெரியாத அட்டைகள் பிற்காலத்தில் பெருகின, 1960களுக்குப் பிறகு அதிகம். அவற்றில் எனக்கு ருசியில்லை.

கேள்வி: கொழும்புக் கடற்கரைக்கும் இப்படிச் சிரிப்பு அட்டைகள் இருந்தனவா?
(கல்லூரி மாணவர், கொள்ளுப்பிட்டி)

பதில்: கடற்கரை இருந்தது, அட்டையும் நிறைய இருந்தது தம்பி. சிரிப்புத்தான் இல்லை.

இலங்கைத் தபால் திணைக்களம் 1872இலேயே வெறும் தபாலட்டையை விற்கத் தொடங்கிவிட்டது. படத்துக்குக் காரணம் துறைமுகம். 1875இல் தொடங்கிய தென்மேற்கு அலைதடுப்பு 1885இல் முடிந்ததும், காலிக்குப் போன கப்பல்களெல்லாம் கொழும்புக்குத் திரும்பின. அவுஸ்திரேலியாவுக்கும் கிழக்குக்கும் போகும் பயணிகள் நிலக்கரி ஏற்றுகிற சில மணி நேரத்துக்குக் கரையிறங்கினார்கள். இறங்கியவுடன் கோட்டை. மாணிக்கக்கல் கடை, ஹோட்டல், அட்டை. 1890இல் பிளாட்டே என்பவரும் மனைவியும் கோட்டை பிரிஸ்டல் ஹோட்டலில் புகைப்படக் கடை தொடங்கினார்கள். இந்த நாட்டுப் படத் தபாலட்டைகளில் மிகப் பெரிய பெயர் அவர்களுடையது. அப்போதிகரீஸ் கம்பனி போன்ற மற்றவர்களும் போட்டார்கள். காலிமுகத்திடல், கல்கிசைக் கடற்கரை, ரிக்‌ஷா, கட்டுமரம், கறுவாத் தோட்டம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள்.

மருதானையில் மக்கலம் றோட்டுப் பழைய புத்தகக் கடைகளில் எடுத்த ஒரு கொழும்பு அட்டை இப்போது என் மேசையில் இருக்கிறது. மூக்குத்தி போட்ட ஓர் இளம்பெண், இடுப்பில் குடம், பின்னால் ஸ்ரூடியோச் சீலை. குடத்தில் தண்ணீர் இல்லை என்பது அவள் பிடித்திருக்கிற விதத்திலேயே தெரிகிறது. கீழே ஆங்கிலத்தில் “தமிழ்ப் பெண், இலங்கை” என்று போட்டிருக்கிறது. பேர் இல்லை. பின்னால் ஒரு பயணி தன் தங்கைக்கு எழுதியிருக்கிறார்: வெயில் பயங்கரம், அன்னாசி மலிவு, நாளைக்குக் கப்பல் புறப்படும். படத்திலிருப்பவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இதைப் பாம்ஃபோர்த் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹோம்ஃபர்த்தில் ஆலைக்காரர் ஆலைக்காரருக்கு நடித்தார், அவரே வாங்கினார். கொழும்பில் சீலைக்கு முன்னால் நின்றவள் அந்த அட்டையை வாங்கவில்லை. அனுப்பவுமில்லை. தான் எந்த ஊர்ச் சுவரில் தொங்குகிறோம் என்று அவளுக்குத் தெரியவும் வழியில்லை. காலிமுகத்திடலில் ஞாயிறு பின்னேரம் நம்மவர்கள் அடிக்கிற கூத்துக்கு நூறு அட்டை போடலாம். சேலையை முழங்காலுக்கு மேல் தூக்காமல் அலையில் கால் நனைக்கப் பார்க்கிற மாமி, இறால் வடையைக் காகத்திடமிருந்து காப்பாற்றுகிற மாமா, ஒரு குடைக்குள் ஒளிந்திருக்கிற சோடி. வரையத் தெரிந்தால் நீங்கள் வரையுங்கள் தம்பி, முதல் அட்டையை நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

கேள்வி: இந்த அட்டைகளுக்கு இப்போது என்ன விலை? லட்சம் வருமா?
(பெயர் வேண்டாம் என்றவர், புறக்கோட்டை)

பதில்: வராது. லட்சக்கணக்கில் அச்சடித்ததற்கு லட்ச ரூபாய் யார் தருவார்? விலையைவிட வயதைக் கண்டுபிடிப்பது சுவையான வேலை. முத்திரை ஒட்டியிருந்தால் ராஜா முகத்தைப் பாருங்கள். ஏழாம் எட்வேர்ட் என்றால் 1901க்கும் 1910க்கும் இடைப்பட்ட அவருடைய ஆட்சியை ஒட்டிய முத்திரை, ஐந்தாம் ஜோர்ஜ் என்றால் 1910க்கும் 1936க்கும் இடைப்பட்ட அவருடைய ஆட்சியை ஒட்டியது. இங்கிலாந்திலேயே அனுப்பிய அட்டையில் அரைப் பென்னி போதுமாக இருந்தது 1918 ஜூன்வரை. அப்புறம் ஒரு பென்னி. முகவரிப் பக்கத்தில் நடுக்கோடே இல்லையென்றால் இன்னும் பழையது. பாம்ஃபோர்த் பெயரோடு நியூயோர்க் என்றும் இருந்தால் மலைத்துப்போக வேண்டாம். அங்கேயும் அவர்கள் கிளை வைத்திருந்தார்கள்.

கேள்வி: கடற்காற்றில் பழைய அட்டைகளை எப்படிப் பாதுகாப்பது? சட்டகம் போட்டு மாட்டலாமா?
(இல்லத்தரசி, தெஹிவளை)

பதில்: இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஒன்றைக் கெடுத்தவன் என்ற முறையில்.

போர்மனைச் சிரிக்கவைத்த அந்த முதல் அட்டையை, ஓய்வு பெற்ற வருடம் சட்டகம் போடக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். ஒரு கிழமையில் வடிவான கறுப்புச் சட்டகத்தில் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து திருப்பிப் பார்த்தால், அட்டையைப் பசை தடவி ஹார்ட்போர்ட்டில் அப்பியிருக்கிறார்கள். “அப்பத்தான் ஐயா சுருளாது” என்றார் அந்தப் பையன். அவனைக் குறை சொல்லி என்ன, பின்பக்கத்தைத் தொடாதே என்று நான் சொல்லவில்லையே. பின்பக்கத்தில் பென்சிலால் நான்கைந்து வரி இருந்தது. கப்பலில் இருந்த யாரோ தன் மனைவிக்கு எழுதத் தொடங்கி, அனுப்பாமலே விட்ட வரிகள். முதல் வரி எனக்கு நினைவிருக்கிறது: “இந்த மாமியைப் பார்த்ததும் உன் அக்கா ஞாபகம் வந்தது, அவளிடம் சொல்லிவிடாதே.” மற்ற வரிகளை நான் ஒரு கொப்பியிலும் எழுதி வைக்கவில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றப் பார்த்தேன். மாமியின் நீச்சலுடைச் சிவப்புத்தான் கழன்றது.

ஆகவே பசை வேண்டாம், ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். அந்த நாடா சில வருடத்தில் தேநீர்க் கறை மாதிரி மஞ்சளாகி உள்ளே இறங்கிவிடும். நாற்றமடிக்கிற மலிவான பிளாஸ்டிக் உறையும் கூடாது, வெக்கைக்குப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பொலியெஸ்டர் உறை கிடைத்தால் அதில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். கிடைக்காவிட்டால் அமிலமில்லாத தாள் கேட்டு வாங்கிச் சுற்றுங்கள். கடலைப் பார்த்த சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள், அந்தச் சுவர் மழைக்காலத்தில் வியர்க்கும். மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தால் இராமபாணப் பூச்சிக்கும் நீங்கள் இருப்பது தெரியும். மாட்டத்தான் வேண்டுமென்றால், கலர்ப் பிரதி எடுத்து அதை மாட்டுங்கள். மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கொட்டாஞ்சேனை மகளுக்கு மறுபடியும் ஒரு வார்த்தை. முன்பக்கத்துக் குண்டு மாமியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினீர்கள். பின்பக்கத்துப் பென்சில் எழுத்தைப் பற்றி ஒரே வரி. பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாகச் சரித்துப் பிடித்தால் மங்கிய பென்சிலும் தெரியும். பெரியப்பாவின் கையெழுத்தா, கப்பல்காரர் எழுத்தா என்று பாருங்கள். விளங்காத சொல்லை விளங்காத மாதிரியே எழுதி எனக்கு அனுப்புங்கள். அம்மா நெருப்புப் பெட்டியைத் தேடுவதற்கு முன்.